ரசம் போன கண்ணாடி

பழைய பொருள் விற்பவரிடம் சொல்லிவைத்து இந்துமதி வரவழைத்த கண்ணாடி அன்று காலை வந்து சேர்ந்தது. சுற்றிலும் சிவப்பு பிளாஸ்டிக் சட்டம். மூலையில் கொஞ்சம் ரசம் போயிருந்தது. சின்ன வயதில் இப்படியொரு கண்ணாடி முன்னால்தான் அவளும் அக்காவும் முட்டி மோதிக்கொண்டு ஜடை பின்னுவார்கள். இப்போது எந்த வீட்டிலும் கண்ணாடி கிடையாது. சுவரில் பதித்த திரைதான் முகம் காட்டுகிறது, பருவையும் கருவளையத்தையும் தானே துடைத்துவிட்டு.

ஜன்னலோரம் மாட்டிவிட்டு, பொட்டைச் சரிசெய்யக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணின் வெள்ளையெல்லாம் மஞ்சளாக இருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தனியாக இருப்பவள், கேட்க வேறு யாருமில்லை. அக்கா சியாமளாவைத் திரையில் அழைத்தாள்.

"அக்கா, என் கண்ணைப் பாரேன். மஞ்சளா இருக்கா?"

"இல்லையே, பளிச்சுனு இருக்கு. முன்னைக்கு இப்ப பூசினாப்புல இருக்கேடி."

அக்கா பார்ப்பதும் திரை காட்டும் முகத்தைத்தான் என்பது அப்போதுதான் இந்துமதிக்கு உறைத்தது.

சியாமளா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்காமல் நீண்டுகொண்டே போனது. ஆனால் திரையிலிருந்த முகம் துளிகூட வாடவில்லை. கல்யாணப் பெண் மாதிரி மினுமினுத்தது. இந்துமதி தன் கண்ணை மறந்தாள். அக்காவை நேரில் பார்த்து எத்தனை வருஷம் இருக்கும்?

"அக்கா, நான் இப்பவே கிளம்பி வரேன். உன்னை நேர்ல பாக்கணும்."

"எதுக்குடி வீண் அலைச்சல்?" என்றாள் சியாமளா, மூச்சு வாங்க. "அதான் தினமும் பாத்துக்கிட்டிருக்கியே."