துவலை

"பேரு என்னம்மா?"

"துவலை."

சிறுமியின் மூக்கில் உட்கார்ந்திருந்த சோதனை ஃபிரேமில் இரண்டாவது லென்ஸைச் செருகப் போன கடைப் பெண்ணின் கை அப்படியே நின்றது.

"என்ன சொன்ன?"

"துவலை. துவையல் இல்ல. து, வ, லை."

ஆறு வயதுப் பிள்ளை. பல பேரிடம் சொல்லிச் சலித்த குரல்.

தென்காசியில் அந்தக் கண்ணாடிக் கடைக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ பெயர்களை எழுதியிருக்கிறாள். இந்தப் பெயரை எழுதியதில்லை.

எழுத வழியே இல்லை. இது யாருக்கும் இல்லாத பெயர்.

அவள் கணவன் தேடிப் பிடித்த பெயர்.

அப்போது அவள் வயிற்றில் பிள்ளை. குற்றாலத்தில் சீசன். அருவிக்குப் பக்கத்தில் போக விடாமல் அவன் அவளைத் தள்ளியே நிறுத்தி வைத்திருந்தான். அங்கேயும் பொடிப்பொடியாக வந்து முகத்தில் விழுந்தது தண்ணீர்.

பெண் பிறந்தால் சாரல் என்று வைக்கலாம் என்றாள்.

தெருவுக்குத் தெரு ஒரு சாரல் இருக்கிறாள் என்று அவன் சிரித்தான். பழைய புத்தகக் கடையிலிருந்து அகராதி ஒன்றை வாங்கி வந்து, பால் டிப்போ வேலை முடிந்த கையோடு அதைப் புரட்டிக்கொண்டே கிடந்தான். ஒரு நாள் அடுப்படிக்கு ஓடி வந்தான்.

துவலை. சிதறி வந்து விழும் நீர்த்துளி.

"பிள்ளைய துவையல்னு கேலி பண்ணுவாங்க."

"பண்ணட்டும். இந்த ஊருக்கே ஒரே துவலை நம்ம பிள்ளைதான்."

அவள் மெல்லத் திரும்பினாள்.

கதவோர நாற்காலியில் இருந்த பெண் எழுந்து நின்றிருந்தாள். கைப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

அந்த முகத்தை அவளுக்குத் தெரியும்.

பிரசவ வார்டு. பக்கத்துக் கட்டில். முப்பிடாதி.

இரண்டு பேருக்கும் ஒரே நாளில் பெண் பிள்ளை. பால் கொடுத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேர் வைக்கப் போகிறீர்கள் என்று முப்பிடாதிதான் கேட்டாள். அவள் சொன்னாள். பெருமை தாங்காமல் அர்த்தமும் சொன்னாள்.

மறுநாள் அவள் பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

திரும்பக் கொண்டு வந்தபோது முகத்தையும் சேர்த்து மூடியிருந்தார்கள்.

அதன் பிறகு அந்தப் பெயரை அவள் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. அகராதி எங்கே போனது என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

"வேற பேரே கெடைக்கலயா உங்களுக்கு?"

கடையில் இருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தமாக வந்திருந்தது அவள் குரல்.

முப்பிடாதி கிட்டே வந்தாள்.

"கேட்டுட்டு வைக்கணும்னுதான் நெனச்சேன்க்கா. உங்க வீடு தெரியாது. நீங்க போன பொறவு அந்தக் கட்டிலயே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். பிள்ளைய எடுத்துட்டுப் போயிட்டிய. பேரு மட்டும் அங்கனயே கெடக்க மாதிரி இருந்துச்சு."

அவள் கையிலிருந்த லென்ஸைத் துணியால் துடைத்தாள்.

"எங்க தெருவுல முப்பிடாதின்னு கூப்பிட்டா நாலு பேரு திரும்புவோம். இவளுக்கும் சாமி பேருதான்னு வீட்ல ஒத்தக்கால்ல நின்னாவ. நாந்தான் சண்ட போட்டு இத வச்சேன்." மூக்கை உறிஞ்சினாள். "உங்களுக்கு மனசு ஒப்பலன்னா மாத்திருதேன்க்கா."

பிள்ளை இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. ஒரு கண்ணில் லென்ஸ். இன்னொரு பக்கம் வெறும் வளையம்.

"பேர மாத்தாதம்மா."

அழுகைக்குத் தயாராக உதடு பிதுங்கியது.

"ஸ்கூல்ல துவையல்னு சொன்னாலும் பரவால்ல. மாத்தாத."

அவள் சிறுமிக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்தாள்.

"யாரும் மாத்தல. ஒம் பேருக்கு அர்த்தம் தெரியுமா?"

"தண்ணி."

"என்ன தண்ணி?"

பிள்ளை அம்மாவைப் பார்த்தது. முப்பிடாதி தலைகுனிந்தாள். "எனக்கு அவ்வளவுதான்க்கா ஞாவகம் இருக்கு."

அவள் பிள்ளையின் பக்கம் திரும்பினாள்.

"அருவிக்குப் போயிருக்கியா?"

"ஆமா."

"உள்ள போய்க் குளிக்காம, தள்ளி நின்னாலும் மூஞ்சில பொடிசா வந்து விழும்லா?"

"ஆமா. குளுந்து கெடக்கும்."

"அது நீதான்."

சிறுமி கண்களை மூடி, முகத்தை அண்ணாந்து கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

அவள் மிச்ச லென்ஸைச் செருகினாள். எதிர்ச் சுவரில் இருந்த கடைசி வரி எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னாள். பிள்ளை ஒன்றுகூடத் தப்பாமல் வாசித்தது. கண்ணாடி தயாரானதும் தானே காதுக்குப் பின்னால் சரிசெய்து மாட்டிவிட்டாள். சிறுமி ரோட்டில் போகும் பஸ்ஸின் பெயர்ப்பலகையைச் சத்தமாகப் படித்துக்கொண்டே போனாள்.

அன்று பொழுது சாய அவள் வீட்டுக்கு வந்தபோது, அவன் முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தான்.

எதிரே உட்கார்ந்தாள். ஒரு கொப்பை எடுத்து உருவத் தொடங்கினாள்.

"துவலை இன்னைக்குக் கடைக்கு வந்தா."

அவன் விரல்கள் இரண்டு காம்புகளை உருவின. பிறகு நின்றன.

யார், எந்தத் துவலை, உனக்கென்ன ஆச்சு என்று ஏதாவது கேட்பான் என்று காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை. முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போர்டுல எழுதுறது தெரியலயாம். கண்ணாடி போட்டு அனுப்பியிருக்கேன்."

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

அவன் முறத்தைக் கீழே இறக்கி வைத்தான்.

"எவ்வளவு ஒசரம் இருக்கா?"

அவள் எழுந்து நின்றாள். இடுப்புக்குச் சற்று மேலே கையை நீட்டிக் காட்டினாள்.

அந்தக் கைக்குக் கீழே இருந்த இடத்தை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.