மூன்றாவது கோடு

கல்யாணத்தன்று அருந்ததி காட்டிய காலம் போய், ஒவ்வொரு ஜோடிக்கும் தனியாக ஓர் இரட்டை நட்சத்திரத்தையே ஒதுக்கித் தரும் காலம் வந்திருந்தது. எல்லாம் ஒன்றையொன்று சுற்றிவரும் மங்கலான சிவப்பு நட்சத்திரங்கள். அவற்றின் வெளிச்சத்தை அளந்து, நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்து, மாதாமாதம் தம்பதிக்கு அறிக்கை அனுப்புவது மலைமேல் ஆய்வகத்தில் குழலியின் வேலை.

சுகிர்தா, முகிலன் தம்பதியின் நட்சத்திர ஒளியில் மூன்றாவதாக ஒரு கோடு தெரிவதாகவும், அங்கே மூன்றாவது நட்சத்திரம் ஒன்று இருக்கலாம் என்றும் போன மாதம் எழுதிவிட்டாள். அளந்த இரவு பௌர்ணமி; கலந்திருந்தது வெறும் நிலா வெளிச்சம் என்பது பிறகுதான் உறைத்தது. திருத்தம் அனுப்புவதற்குள் அவர்களே பால்கோவாவோடு மலையேறி வந்துவிட்டார்கள்.

"டாக்டருக்கு முன்னாடி நீங்க சொல்லிட்டீங்கக்கா," என்று சுகிர்தா வயிற்றில் கைவைத்தாள். "ரெண்டு தடவை தங்கலை. இந்தத் தடவை பயமே இல்லை. மூணாவது அங்கேயேதானே இருக்கும்?"

இல்லாத நட்சத்திரத்தை இல்லை என்று சொன்னால், இந்தப் பெண் எதை இல்லை என்று எடுத்துக்கொள்வாள்?

"இருக்கும்மா," என்றாள் குழலி.

அவர்கள் கிளம்பியதும், அந்த நட்சத்திரத்தை அடுத்துப் பார்க்க வேண்டிய தேதியை அழித்துப் பௌர்ணமிக்கு மாற்றினாள். சற்று யோசித்துவிட்டு, பிரசவம் வரைக்குமான எல்லா மாதங்களையும் மாற்றினாள்.