அறுபட்ட மூலை

காக்களூர்ப் பட்டறையில் அறுவை இயந்திரத்தின் வாள் மெதுவாக அறுக்கிறது. அதை நனைக்கும் பால்நிறத் தண்ணீரில் குங்குமம் கரைந்து ஓடுகிறது. அறுபடுவது, வேதாசலத்தின் தாத்தா கழனியில் வானத்திலிருந்து விழுந்ததென்று மூன்று தலைமுறையாகக் கும்பிட்டுவரும் இரும்புக் கல். இரும்பாலைக் கழிவென்று ஊர் சிரித்ததால், ஒரு மூலையை அறுத்துப் பார்க்கக் கொண்டுவந்திருக்கிறார் வேதாசலம். போட்ட நாற்காலியில் உட்காராமல் விறைத்து நிற்கிறார். “கழிவுன்னு தெரிஞ்சா இன்னா பண்ணுவ, நைனா?” வாளை ஓட்டும் ராபின் கேட்கிறான். “ஊரக் கூட்டி என் வாயாலயே சொல்லுவேன். நீ அறு.” துண்டு விழுகிறது. கல்லூரி ஆசிரியர் சொல்லியனுப்பியபடி ராபின் அதைத் தேய்த்து அமிலம் தடவுகிறான். கோடுகள் தெரிந்தால் வானத்துக் கல். முதலில் வெறும் பளபளப்புதான். பிறகு, பாய் பின்னியதுபோல் குறுக்கும் நெடுக்குமாக மெல்ல எழுகின்றன கோடுகள். “மேலருந்து வந்ததுதான், நைனா!” வேதாசலம் சிரிக்கவில்லை. அறுபட்ட மூலையை வேட்டி நுனியால் துடைத்துவிட்டு, குனிந்து, கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்.