டாக்டர் வாட்ச்

வாசலில் விஜயராகவனின் குரல் கேட்டதுமே அக்ஷயாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்றைக்கு வர வேண்டாம் என்று அம்மா போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சத்தியவேட்டிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள், அடுத்த வாரம் வாங்கண்ணா என்று தெளிவாகத்தான் சொன்னாள். அவரும் சரி சரி என்றார்.

இதோ வந்து நிற்கிறார். வெள்ளைச் சட்டை, கையில் மாம்பழப் பை, இடது மணிக்கட்டில் அந்தக் கடிகாரம்.

“இந்தப் பக்கமா வந்தேன்மா.”

திருப்பதியில் விலை உயர்ந்த கடிகாரங்கள் விற்கும் கடை வைத்திருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் புத்தூரில் என்ன வேலை?

ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்து பார்ப்பதற்குள், “தெரிஞ்சவரு” என்று அம்மா முடித்துவிட்டாள். வந்தவரை விரட்டவா முடியும்? நாற்காலி போட்டார்கள்.

உட்கார்ந்தவர் சும்மா இருந்திருக்கலாம். அவர் கண் நேராக மாப்பிள்ளை ஹேமநாத்தின் கைக்குப் போனது.

“கிளாஸ்ஹூட்டே வாட்ச்சா? சால பாகுந்தி தம்பி, ரொம்ப நல்லா இருக்குது!”

ஹேமநாத்தின் முகம் மலர்ந்தது. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு ஜெர்மன் கம்பெனியில் இன்ஜினியர் அவன். பயிற்சிக்கு ஜெர்மனி போனபோது, கடிகாரத்துக்கென்றே பேர்போன கிளாஸ்ஹூட்டே என்ற அந்தச் சின்ன ஊரைத் தேடிப் போய், ஆசைப்பட்டு வாங்கிய ஸ்போர்ட்ஸ் வாட்ச். கட்டிக்கொண்டு கடலில் குதித்தாலும் ஒன்றும் ஆகாது. இதுவரை அதை அடையாளம் கண்டவர் ஒருவரும் இல்லை.

அப்புறம் இரண்டு பேரும் வேறு உலகத்துக்குப் போய்விட்டார்கள். கழற்றி, திருப்பி, பின்பக்கக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார்கள். உள்தட்டில் அலை அலையாக இழைத்த கோடுகளாம். நீல நிறம் வரும்வரை சூடேற்றிய திருகாணிகளாம்.

அக்ஷயா காபித் தட்டோடு நின்றாள். பெண் பார்க்க வந்தவன் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சார், உங்களுது பழைய க்ரோனோகிராஃப்தானே? ஓரத்துல இந்தச் செவப்பு நம்பர் எதுக்கு?”

போச்சு. எதைக் கேட்கக் கூடாதோ அதைக் கேட்டுவிட்டான்.

“அந்தக் காலத்துல ஜெர்மனியில டாக்டருங்களுக்குன்னே செஞ்சது தம்பி. பட்டனை அமுக்கினா முள் ஓடும். முப்பது துடிப்பு எண்ணிட்டு நிறுத்தணும். நிமிஷத்துக்கு எவ்ளோ துடிக்குதுன்னு முள் நிக்கற செவப்பு நம்பரே காட்டிடும். இருங்க, காட்டறேன்.”

அவள் தட்டை வைத்ததுதான் தாமதம், மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

மாதம் தவறாமல் இதே கூத்து. ஒருமுறை பஸ் ஸ்டாண்டில், ஜனங்கள் வேடிக்கை பார்க்க. ஒருமுறை திருமலையில், தரிசன வரிசையில். தன் ஸ்மார்ட் வாட்ச்சே நாடியைச் சொல்லும் என்று அவள் காட்டிப் பார்த்தாள். “அது பேட்டரிம்மா” என்று தள்ளிவிட்டார். அவருக்கு விரல் வைத்து எண்ண வேண்டும். எண்ணும்போது உதடு அசையும். நடுவில் யாராவது பேசிவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து.

இப்போதும் உதடு அசைந்தது. அவள் உள்ளே கொதித்தாள். கொதித்தாலும் அவள் நாடி சட்டென்று ஏறாது. ஏன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனாலேயே அவள் கோபம் ஒருநாளும் அவர் விரலுக்கு எட்டியதில்லை.

“எங்க சார் கெடச்சுது இது?” என்றான் ஹேமநாத்.

“பையனுக்குன்னு தேடித் தேடி வாங்கினது. டாக்டருக்குப் படிச்சிக்கினு இருந்தான்.”

“ஓ! இப்ப டாக்டரா? எந்த ஊர்ல இருக்காரு?”

அவர் உதடு நின்றது.

அம்மா முந்திக்கொண்டாள். “வெளியூர்ல இருக்கான். காபி ஆறிப்போவுது பாருங்க, குடிங்க.”

அக்ஷயாவுக்கு அலுத்துப்போயிற்று. இந்த வரன் வந்ததிலிருந்து வீட்டில் இதே பாடு. மாத்திரை டப்பாவை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வை. கழுத்து வரை மூடிய ரவிக்கை போடு. மற்றதைக் கல்யாணத்துக்கு அப்புறம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். இப்போது இந்த மனிதரின் பிள்ளையையும் வெளியூருக்கு அனுப்பியாயிற்று.

“ஏம்மா பொய் சொல்ற?”

“அக்ஷயா!”

அவள் மாப்பிள்ளையின் அம்மா பக்கம் திரும்பினாள்.

“எனக்கு இதய மாற்று ஆபரேஷன் ஆயிருக்குதுங்க. ரெண்டு வருஷம் ஆவுது. இவரு பையன் பைக்ல போறப்ப அடிபட்டுப் போயிட்டாரு. அவரு இதயம்தான் எனக்குள்ள துடிச்சிக்கினு இருக்குது. மாசா மாசம் இவரு வர்றது என்னைப் பார்க்க இல்ல, பையனைப் பார்க்க.”

ஹேமநாத் டம்ளரை வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விஜயராகவன் அவள் கையை விட்டுவிட்டு எழுந்தார். “நான் வந்திருக்கக் கூடாது. மன்னிச்சிடும்மா,” என்று வாசலைப் பார்த்து நடந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கிளம்பப் போகிறாள் என்றுதான் அக்ஷயா நினைத்தாள்.

“இங்க வந்து உக்காருங்கண்ணா,” என்றாள் அவள். “பையன் பேரு இன்னா?”

அவர் நின்றார். வாயைத் திறந்தார். பேர் வரவில்லை.

“குணா,” என்றாள் அக்ஷயா.