ஏழாவது முள்ளெலும்பு

“இதைக் கோத்தவன் கண்ணை மூடிக்கிட்டுக் கோத்திருக்கான்!” என்று திரையைப் பேனாவால் தட்டினார் நிஷிவாகி.

திரையில் ஒரே பாலைவனம். ஒரு ராட்சத எலும்புக்கூடு கொம்புகளை மட்டும் நீட்டிக்கொண்டு, தலை மணலுக்குள் புதையக் கிடந்தது. அதன் முதுகின் மேல் வாளோடு ஓடிக்கொண்டிருந்த குட்டி வீரனை மாதோகா சட்டென்று நிறுத்தினாள்.

“மன்னிச்சுக்குங்க, சென்செய்” என்று ஆசிரியரை அழைக்கிற மரியாதையோடு தலை குனிந்தாள். அந்த மிருகத்தைக் கணினியில் உருவாக்கியவள் அவள்தான்; எலும்பைக் கோத்துக் கொடுத்தவன் வேறு யாரோ என்று நிஷிவாகி நினைத்துக்கொண்டார்.

ஃபுகுஓகாவில் இருந்த அந்த வீடியோ கேம் கம்பெனியிலிருந்து போன வாரம் நிஷிவாகிக்குக் கடிதம் வந்திருந்தது. எலும்புக்கூடு விஷயமாகத் தங்களை நேரில் பார்க்க வேண்டும் என்று இரண்டே வரி. ஆலோசகர் வேலைதான், வேறென்ன இருக்கும் என்று அன்றைக்கே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டார்.

அவருக்கு இந்த வேலை வேண்டும். மியூசியத்தில் முப்பத்தொரு வருடம் வௌவால் முதல் திமிங்கலம் வரை எலும்பு கோத்துத் தொங்கவிட்டவர். ஓய்வு பெற்ற இந்த எட்டு மாதத்தில் ஒரு ஆள்கூட அவரிடம் ஒரு எலும்பைப் பற்றிக் கேட்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

வீட்டில் பொரித்த மீனின் முள்ளைக் காட்டி அவர் வாயைத் திறந்தாலே மனைவி கியோகோ பாத்திரம் கழுவ எழுந்துவிடுகிறாள். இதுவும் அமையாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து முதியோர் சங்கத்துக்குப் போய் மரச்சுத்தியால் பந்து தட்ட வேண்டியதுதான் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

“எனக்கு இதைத் தவிர வேற ஒண்ணும் தெரியாதும்மா” என்று மாதோகாவிடம் சிரித்தார். “கல்யாணத்தன்னைக்கே எம் பொண்டாட்டிகிட்ட, உனக்கு ஒரு தோள்பட்டை கொஞ்சம் இறக்கம்னு சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டவன் நான். இன்னும் அதுக்கு வட்டி கட்டிக்கிட்டிருக்கேன்.”

எதிரே உட்கார்ந்திருந்த இயக்குநர் தொகுனாகாவும் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது, ஏனென்றால் நிஷிவாகி மறுபடியும் பேனாவைத் தூக்கிவிட்டார்.

“ஏழாவது முள்ளெலும்பைப் பாருங்க. எல்லா முள்ளும் வால் பக்கம் சாய்ஞ்சிருக்கு, இது ஒண்ணு மட்டும் தலைப் பக்கம் சாயுது. முன்னே பின்னே மாத்திச் சொருகியிருக்கான் மடையன்!”

“அது வந்து, சென்செய்...” என்று தொகுனாகா ஆரம்பித்தார்.

“இருங்க, நான் இன்னும் முடிக்கல.”

பெரியவர் பேசும்போது குறுக்கே பேசித் தொகுனாகாவுக்குப் பழக்கமில்லை. நோட்டை எடுத்து வைத்து எழுத ஆரம்பித்தார். நோட்டைக் கண்டதும் நிஷிவாகிக்கு உற்சாகம் தலைக்கேறியது. எத்தனை தப்பு கண்டுபிடிக்கிறோமோ அத்தனைக்கு வேலை உறுதி!

“தோள்பட்டை எலும்பு ரெண்டும் இடம் வலம் மாறிக் கிடக்கு. மூணாவது விலாவை ஒன்பதாவது இடத்துல வெச்சிருக்கான். கைக்குக் கிடைச்சதைக் கிடைச்ச இடத்துல சொருகிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஓடியிருப்பான் போல.”

மாதோகா பார்லித் தேநீரை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதைத் தொடவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரைக்குள்ளேயே போய்விடுகிறவர்போல முகத்தைக் கொண்டுபோனார்.

“இதென்னம்மா அநியாயம்? முதுகு நெடுக ஓட்டை! அளந்து வெச்ச மாதிரி ஒரே நேர்கோட்டுல. எந்த மிருகத்துக்கு இப்படி இருக்கு?”

“அது... அப்படித்தான் இருந்துச்சு, சென்செய்” என்றாள் மாதோகா.

“சாக்குச் சொல்லக் கூடாது. வாங்கிக் கட்டிக்கத் தெரிஞ்சாத்தான் எலும்புத் தொழில்ல முன்னுக்கு வர முடியும். என்னைப் பார்த்துக் கத்துக்க.”

மொத்தம் பதினோரு தப்பு. எட்டு மாதத்தில் அவர் இத்தனை சந்தோஷமாகப் பேசியதே இல்லை. ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இனி வேலையைப் பற்றி அவர்களே ஆரம்பிப்பார்கள் என்று காத்திருந்தார். அவர்கள் ஆரம்பிக்கவில்லை. சரி, கூச்சப்படுகிறார்கள் என்று அவரே ஆரம்பித்துவிட்டார்.

“நான் இங்க வர்றதுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். விளையாட்டு முடிஞ்சதும் வேலை பார்த்தவங்க பேரெல்லாம் திரையில ஓடுமே, அதுல இந்த எலும்பைக் கோத்தவன் பேரு வரவே கூடாது. இனிமே அவனை எலும்புப் பக்கமே அண்ட விடாதீங்க. வீட்டோட உட்காரச் சொல்லுங்க!”

தொகுனாகாவும் மாதோகாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தொகுனாகா நெற்றி மேசையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார், நிமிரவில்லை. மாதோகா ஒரு தாளை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினாள்.

ஒப்பந்தம்! நிஷிவாகி பேனாவைத் திறந்துகொண்டு எங்கே கையெழுத்துப் போடுவது என்று தேடினார். அது நீளமான பெயர்ப் பட்டியலாக இருந்தது.

“சென்செய், கொம்பு மட்டும்தான் எங்களோடது” என்றாள் மாதோகா. “உங்க மியூசியக் கூரையில தொங்குற திமிங்கலத்தை ஏணி போட்டு ஏறி, மேலேயிருந்து, நீங்க கம்பி மாட்டின ஓட்டையோட அப்படியே ஸ்கேன் பண்ணினோம். கோத்தவருக்கு நன்றின்னு உங்க பேரைப் போட அனுமதி கேட்கத்தான் வரச் சொன்னோம்... கோடு போட்டு அடிச்சுடட்டுமா?”