அஞ்சரை மணிக்காரி

புருஷன் கண்ணாடி முன்னால் நின்று சென்ட் அடித்துக்கொண்டிருந்தான். விடியற்காலை அஞ்சரை மணி.

"ஓடப் போறவனுக்கு எதுக்குய்யா சென்ட்டு?" படுத்தபடியே கேட்டாள் அவள்.

"வேர்வை நாறும்ல." பழைய கேன்வாஸ் ஷூவுக்குள் காலைச் சொருகினான். கட்டவோ அவிழ்க்கவோ வேலையே வைக்காத ஷூ அது. அப்படியே நுழைத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். வாசலில் ஒரு கணம் நின்று, "நீ பாட்டுக்கு என் பின்னாடி வந்து தொலைக்காதே" என்றான்.

அதுவரை அவளுக்கு அந்த எண்ணமே இல்லை.

சிமெண்ட் குடோனில் நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவன் அவன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தண்ணிச் செம்பைத் தூக்கக்கூடக் கை எழாது. உடம்பை வைத்துப் பிழைக்கிறவன், மிச்சமிருக்கிற தெம்பையும் கொண்டுபோய் ரோட்டில் கொட்டுகிறான் என்றால் எந்தப் பைத்தியக்காரி நம்புவாள்?

கேட்டால் விஞ்ஞானம் பேசினான். "வேகமா ஓடக் கூடாதும்மா. பேசிக்கிட்டே ஓட முடியணும், அதான் கணக்கு. பேச்சு திக்குச்சுன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். மெல்ல மெல்லத்தான் தூரத்தைக் கூட்டணும். அப்பத்தான் நெஞ்சு பலப்படும்."

"பேசிக்கிட்டேவா? யாரோட?"

அவன் மீசைக்குள் சிரித்தான்.

தையல் கம்பெனியில் பக்கத்து மெஷின்காரியிடம் கொட்டித் தீர்த்தாள். அந்த மெஷின்காரி தைப்பது சட்டைக் காலர். மற்றபடி, எந்த வீட்டில் என்ன கிழிந்திருக்கிறது என்பது அவளுக்கு அத்துப்படி.

"சென்ட்டு, சிரிப்பு, விடியக்காலை. போச்சு போ! பின்னாடியே போய்க் கையும் களவுமா பிடி."

"நானா? மெஷின்ல உக்காந்து உக்காந்து மாடிப்படி ஏறினாலே நாக்கு தள்ளுது. சர்க்கரை ஏறிக்கிடக்கு, நடக்கலைன்னா இனி ஊசிதான்னு டாக்டரம்மா கத்தினதுக்கே நான் அசையலை."

"அப்ப புருஷனை விட்டுடு."

விடுவாளா? மறுநாள் அவன் தெருமுனை திரும்பியதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். "எவடி அவ... என் குடியைக் கெடுக்க வந்த..." என்று திட்ட ஆரம்பித்தவளுக்கு அதற்குமேல் வார்த்தை வரவில்லை. தபால் ஆபீஸ் வருவதற்குள் விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்தாள். நல்லவேளை, அவனும் அங்கேயே நின்று, குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். கட்டி முடித்து, வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டான்.

தபால் ஆபீஸ் பக்கத்தில்தான் எவளோ இருக்கிறாள் என்று முடிவு கட்டினாள். அடுத்த வாரம் அவன் ரயில்வே கேட் வரைக்கும் போனான். அப்புறம் கால்வாய்ப் பாலம். சிறுக்கி, வீடு மாறிக்கொண்டே போகிறாள்! ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவன் ஓடவில்லை. அன்றைக்கு அந்தச் சிறுக்கிக்கு லீவு போல.

இவள் பின்தங்கும்போதெல்லாம் அவனுக்கு லேஸ் அவிழ்ந்தது. குனிந்து சாவகாசமாகக் கட்டினான். கடவுள் நம்ம பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

செருப்பு அறுந்துபோனது. வேவு பார்க்கத் தோதாக ஒரு ஜோடி ஷூ வாங்கினாள். ரவிக்கை தொளதொளத்தது. கம்பெனி மாடிப்படி, படி மாதிரியே தெரியவில்லை.

"கவலையில இளைச்சுட்டேன்டி."

"இந்தக் கவலை எனக்கு வரக் கூடாதா? கன்னம் பளபளங்குது உனக்கு" என்றாள் காலர்காரி.

வெளியே சொல்ல முடியாத இன்னொன்றும் இருந்தது. ஈரக் காற்று முகத்தில் அடிக்க, ஆளில்லாத ரோட்டில் காலும் மூச்சும் ஒரே தாளத்தில் போகும்போது எதற்கு ஓடுகிறோம் என்பதே சில நாள் மறந்துபோகும். சிரித்துக்கொண்டே ஓடுவாள். நினைவு வந்ததும் அவசர அவசரமாகத் திட்டத் தொடங்குவாள்.

அன்றைக்கு அவன் பாலத்தையும் தாண்டினான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கி, செல்போனை எடுத்தான். அவள் பூனை மாதிரி நெருங்கி நின்று காதைத் தீட்டினாள்.

"உங்க பேச்சைக் கேட்டுத்தானே எல்லாம் பண்றேன்" என்று குழைந்தான். போனுக்குள் ஒரு பொம்பளை சிரித்தாள்.

அவ்வளவுதான். பாய்ந்து அவன் முன்னால் போய் நின்றாள்.

"ஏன்யா, சிமெண்ட் அப்பின மூஞ்சிக்குச் சென்ட்டு கேக்குதா, கட்டினவ வீட்டுல கல்லு மாதிரி கிடக்கையில தபால் ஆபீஸ்ல ஒருத்தி, ரயில்வே கேட்ல ஒருத்தின்னு ஊர் பூரா ஓடி ஓடித் தேடுறியே, உனக்கு வெக்கம் மானம் சூடு சொரணை ஏதாவது இருக்கா, மூட்டை தூக்குற முதுகுல விளக்குமாறு பிய்யப் போகுது பாரு, அந்தச் சிறுக்கி யாருன்னு இப்ப நீ சொல்றியா, இல்ல நான் போனுக்குள்ள பூந்து அவ குடுமியைப் பிடிக்கட்டுமா!"

அவன் பயப்படவில்லை. முகமெல்லாம் பல்லாக, போனை அவள் வாய்ப் பக்கம் நீட்டியபடியே நின்றான். அவள் முடித்ததும் அதைத் தன் காதில் வைத்துக்கொண்டு கத்தினான்:

"கேட்டீங்களா டாக்டரம்மா? பாலம் தாண்டி ஓடி வந்தும் ஒரே மூச்சுல திட்டி முடிச்சுட்டா!"