அறுபத்தெட்டே துடிப்பு

"குமுளி மலையை ஓடியே ஏறி எறங்கிட்டேன் ஆத்தா. நெஞ்சு அறுபத்தெட்டுக்கு மேல ஒரு துடிப்பு துடிக்கலை. எதுக்க வந்த கேரளா பஸ்ஸே பயந்து ஒதுங்கி எனக்கு வழி விட்டுச்சுன்னா பாத்துக்கயேன்."

லோயர் கேம்ப் கால்வாய்க் கரையில், மூச்சிரைப்பு கேட்டுவிடாதபடி போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கதை அளந்தார் சுருளியாண்டி. வயது அறுபத்து மூன்று.

"பொய் சொல்லாதீகப்பா," என்றாள் சென்னையில் இருக்கும் மகள் தேவயானி. "மலையேறி ஓடுற மனுசனுக்கு எப்படி அறுபத்தெட்டு இருக்கும்?"

"நீ வாங்கித் தந்த சிம் போட்ட வாட்ச்சுதான சொல்லுது. ஒன் போன்லயே தெரியும்ல, பாரு."

பார்த்தாள். அறுபத்தெட்டுதான்.

ஓடும்போது துடிப்பு நூற்றிருபதைத் தாண்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒருநாள் தாண்டினாலும் ஓட்டத்தை நிறுத்திச் சென்னைக்குக் கூட்டிப்போய்விடுவேன் என்பது மகளின் உத்தரவு. ஞாயிற்றுக்கிழமை தேனியில் மூத்தோர் ஓட்டப்பந்தயம். சுருளியாண்டி ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார்.

வெற்றிக் களிப்போடு டீக்கடைக்குத் திரும்பினார். கூட்டாளி ஈஸ்வரபாண்டி முழுக்கை ஸ்வெட்டரோடு பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஒம் மக நம்பிருச்சாலே?"

"நம்பாம? மெசினு பொய் சொல்லுமா?"

"மெசினாவது மண்ணாவது. நெஞ்சுல நோவுன்னா கையில கட்டுற வாட்ச்சுக்கு எப்படிலே தெரியும்? நாப்பது வருசம் வாழைத்தார் சொமந்தவன் நான். எனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்குறதே தெரியாது."

"ஒனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்குறதும்தான் எங்களுக்குத் தெரியாது," என்று சொல்லி டீ கிளாஸை வாங்கினார் சுருளியாண்டி.

போன் அலறியது.

"அப்பா, ஓடாதீக. எங்கன நிக்கிறீகளோ அங்கனயே உக்காருங்க. நூத்தி எழுவது காட்டுது. தாறுமாறா துடிக்குது. 108-க்குச் சொல்லிட்டேன்." மகள் அழுதுகொண்டிருந்தாள்.

"நான் எங்க ஆத்தா ஓடுறேன்? சும்மா நின்னு டீ..."

கிளாஸ் கை நழுவி விழுந்தது. விடியற்காலையில் அந்த வாட்ச்சைக் கழற்றி, 'நான் வர்ற வரைக்கும் அசையாம உக்காந்திரு' என்று ஈஸ்வரபாண்டியின் கையில் கட்டிவிட்டுப் போனவரே அவர்தானே.

திரும்பிப் பார்த்தார். அந்தக் குளிரிலும் ஈஸ்வரபாண்டியின் முகத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

"மெசினு சொல்றது நெசந்தாம்லே," என்றார் ஈஸ்வரபாண்டி ஈனக்குரலில். "கால் மணி நேரமா நெஞ்சை அமுக்குது. வாய்வுன்னு நெனச்சு ரெண்டு சோடா குடிச்சேன்."